வெளியே ஃபேன் சுற்றுகிறதா?

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த மே மாத இரவு. திருவண்ணாமலையில் அந்த நாட்களில் பொழுது சாய்ந்தாலும் அனல் தணியாது. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட மலைப்பாறை, இரவெல்லாம் அதை மெல்ல மெல்ல வெளியே விடும். மலையடிவாரத்துத் தெருக்களில் மொட்டைமாடித் தளம் நள்ளிரவிலும் காலுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அந்த இரவில் எங்கள் வீட்டு ஏசியிலிருந்து காற்று வந்தது, குளிர் வரவில்லை. ரிமோட்டில் 24 டிகிரி. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் 32. "ஏசி போட்டிருக்கியா இல்லையாப்பா?" என்று அம்மா கேட்டார். முந்தைய கோடையிலும் இதே தொல்லைதான். அப்போது வந்தவர் வெளிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு" என்றார். கேஸ் நிரப்பினார், சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகும் ஏசி ஒரு நாள் குளிரும், இன்னொரு நாள் குளிராது. மழை வந்து ஊர் குளிர்ந்ததும் நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

இந்த முறை டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அவுட்டோர் யூனிட் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. கம்பிவலைக்குப் பின்னால் ஃபேன் அசையாமல் நின்றது. உடனே இறங்கி வந்து எம்சிபியை அணைத்தேன். மறுநாள் காலை வந்த மெக்கானிக் தம்பி அழுத்தத்தையும் கரண்டையும் அளந்து பார்த்தார். "கேஸ் சரியாத்தான் இருக்குங்கய்யா. ஃபேன் கண்டன்சர் வீக் ஆயிடுச்சு" என்றார். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய் செலவு.

அன்றிலிருந்து ஏசி குளிரவில்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: வெளியே ஃபேன் சுற்றுகிறதா? பணத்தை மிச்சப்படுத்தும் கேள்வி இது. ஏசி என்ற இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதையும் இதே கேள்வி சொல்லிக்கொடுத்துவிடும்.

வெப்பத்தைச் சுமக்கும் இயந்திரம்

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் அறை குளிரும். ஏசி செய்வது அந்தச் சுமை தூக்கும் வேலையைத்தான்.

அந்தச் சுமையைத் தூக்கிச் செல்வது குழாய்களுக்குள் ஓடும் குளிர்பொருள். நாம் 'கேஸ்' என்பது அதைத்தான். புதிய ஏசிகள் பலவற்றில் ஆர்-32 என்ற குளிர்பொருள் இருக்கிறது. திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள் அது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிய பாடம். ஏசி அதே பாடத்தை இரண்டு பக்கமும் பயன்படுத்துகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் அழுத்தத்தைக் குறைத்து, 5 முதல் 10 டிகிரி அளவிலேயே குளிர்பொருளைக் கொதிக்க வைக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அது அறைக்காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திப் பிழிகிறது. ஆவி சூடேறி வெளிப்பெட்டியின் காயிலுக்கு வருகிறது. அங்கே 50 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் தன் வெப்பத்தை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. நுண்குழாய் வழியாக அழுத்தம் இறங்கி அறைக்குத் திரும்புகிறது.

இந்தச் சுற்றில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். மொட்டைமாடியில் காற்று 40 டிகிரியில் இருந்தால், காயில் அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் இறங்கும். ஒருமுறை வெப்பத்தை வாங்கிக்கொண்ட காற்று அங்கேயே தேங்கினால் அடுத்த சுமையை வாங்க இடம் இருக்காது. அதைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவரும் கடைசி ஆள்தான் வெளி ஃபேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சுற்று முழுக்க அடைத்த குழாய்க்குள் நடக்கிறது. கேஸ் எரிந்து தீர்வதில்லை, தேய்வதில்லை. குழாயில் எங்காவது கசிவு இருந்தால்தான் அது குறையும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஐஸ் ஹவுஸ் தந்த அளவு

ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த டன் எங்கிருந்து வந்தது? இயந்திரக் குளிர்ச்சி பரவுவதற்கு முன் உலகம் குளிர்ச்சியைப் பனிக்கட்டியாக விலைக்கு வாங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம் 1842-ஆம் ஆண்டு கடற்கரையில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. வாட் கணக்கில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட்.

அப்படியானால் ஒன்றரை டன் ஏசி முழுத்திறனில் ஓடினால் அறையிலிருந்து ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 5.3 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் வாங்கும் ஒன்றரைக் கிலோவாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. இரண்டையும் கூட்டினால் வெளிப்பெட்டி கிட்டத்தட்ட 6.8 கிலோவாட் வெப்பத்தைக் காற்றில் கொட்டியாக வேண்டும். தண்ணீர் காய்ச்சும் 1 கிலோவாட் ஹீட்டர்கள் ஏழைச் சேர்த்து வைத்தது போன்ற சூடு அது. இவ்வளவையும் காற்றில் கரைப்பது சுமார் 60 வாட் மோட்டார் ஒன்று. நம் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறிக்கு ஆகும் மின்சாரம்தான் அதற்கும். மணிக்கு ஏறத்தாழ 2,000 கன மீட்டர் காற்றை அது காயில் வழியாக இழுத்துத் தள்ளுகிறது. 38 டிகிரியில் உள்ளே போகும் காற்று 48, 49 டிகிரியில் வெளியே வருகிறது. எதிரே நின்றால் முகத்தில் அடிக்கும் அந்தச் சூடு, உங்கள் படுக்கையறையில் இருந்த வெப்பம்.

ஃபேன் நின்றுபோனால்

ஃபேன் நின்று கம்ப்ரசர் மட்டும் ஓடினால் வெப்பம் வெளியேற வழியில்லை. காயில் சூடேறும், உள்ளே அழுத்தம் ஏறும். ஆர்-32 குளிர்பொருளுக்கு 50 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 31 பார்; 60 டிகிரியில் அது 39 பாரைத் தொடுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டேகால் பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழாய்கள் தாங்கும் சுமை புரியும். அழுத்தம் ஏற ஏறக் கம்ப்ரசர் அதிகக் கரண்ட் இழுக்கும், அதன் உடம்பு கொதிக்கும். கடைசியில் அதிலுள்ள பாதுகாப்புச் சுவிட்ச் வேலை செய்து கம்ப்ரசரை நிறுத்தும். ஆறிய பிறகு மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். வீட்டுக்குள் இருப்பவருக்கு இது, கொஞ்ச நேரம் குளிர்ந்து பிறகு வெறுங்காற்றாக மாறும் ஏசியாகத் தெரியும். மாதக்கணக்கில் இப்படியே விட்டால் கம்ப்ரசரின் சுருள் மீதுள்ள காப்பு கருகும், எண்ணெய் கெடும். சில நூறு ரூபாய்ப் பழுது, பல ஆயிரம் ரூபாய்ப் பழுதாக வளர்வது இப்படித்தான்.

மோட்டாருக்கு ஏன் ஒரு துணை வேண்டும்?

அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி கெட்டால் மோட்டார் ஏன் முனகுகிறது? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். அதை ஒரே ஒரு சுருளில் செலுத்தினால் காந்தப்புலம் முன்னும் பின்னுமாக ஆடும், சுழலாது. ஆடும் புலத்தை, வலப்பக்கம் சுழலும் ஒரு புலமும் இடப்பக்கம் சுழலும் ஒரு புலமும் சரிசமமாகச் சேர்ந்ததாகக் கருதலாம். நின்றிருக்கும் ரோட்டரை இரண்டும் ஒரே பலத்தோடு எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. வடம்பிடிக்கும் இரு பக்கத்தாரும் சம பலத்தோடு எதிரெதிரே இழுத்தால் தேர் நகராது அல்லவா, அதே நிலைதான். இழுபறியில் இரும்புத் தகடுகள் நொடிக்கு நூறு முறை அதிர்கின்றன. நாம் கேட்கும் 'ம்ம்ம்' அந்த அதிர்வின் ஒலி.

சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கும் வழியை இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டு 1888-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டு சுருள்களைச் செங்குத்தாக வைத்து, ஒன்றில் கரண்ட் ஏறும் நேரத்துக்குச் சற்று முன்பின்னாக மற்றதில் ஏறும்படி செய்தால் புலம் சுழலத் தொடங்கும். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அந்த நேர வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் அந்தக் கறுப்புப் பெட்டியான கெப்பாசிட்டரின் வேலை. அது செத்துவிட்டால் இரண்டாவது சுருளுக்குக் கரண்ட் இல்லை, இழுபறி மட்டும் மிச்சம். கூரை ஃபேன் சுற்றாமல் முனகும்போது குச்சியால் தள்ளிவிட்டுச் சுற்ற வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே சுற்றும் என்பதையும் பார்த்திருப்பார்கள். இழுபறியில் ஒரு பக்கத்துக்கு நம் கை கொடுத்த உதவி அது.

இந்தக் கெப்பாசிட்டரை நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் 'கண்டன்சர்' என்கிறார்கள். 1782-இல் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா வைத்த பழைய பெயர் அது. ஏசிக்காரர்களோ வெளிப்பெட்டியின் பெரிய காயிலையும் 'கண்டன்சர்' என்றே சொல்வார்கள், ஆவி அங்கே திரவமாவதால். ஒரே பெயர், விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். "கண்டன்சர் போச்சு" என்று யாராவது சொன்னால் காயிலா, ஃபேனுக்குரிய சின்னதா, கம்ப்ரசருக்குரிய பெரியதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஃபேனுக்குரிய கெப்பாசிட்டரில் 2.5 மைக்ரோஃபேரட் போன்ற சிறிய எண் இருக்கும். கம்ப்ரசருக்குரியது 35, 50 என்ற அளவில் இருக்கும். உள்ளே மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலத்தின் மேல் ஆவியாகப் படியவைத்த உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது பொத்தல் விழுந்தால் சுற்றியுள்ள உலோகம் அந்தக் கணமே எரிந்து விலகி, பழுது பரவாமல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போய்விடும், கொள்திறன் குறையும். 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வெயில் காயும் மொட்டைமாடியில் மூடிய தகரப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு நம் கோடை எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

லோ வோல்டேஜும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை 61 சதவீதமாகச் சரிந்துவிடும். தளர்ந்த கெப்பாசிட்டரோடு பகலில் எப்படியோ கிளம்பிவிடும் ஃபேன், தெருவே ஏசி போடும் இரவு நேரத்தில் கிளம்பாமல் நிற்பது இதனால்தான். எங்கள் ஏசி ஒரு நாள் குளிர்ந்து ஒரு நாள் ஏமாற்றிய மர்மத்துக்கும் விடை இங்கேதான் இருந்தது.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஃபேன் நின்றிருப்பதெல்லாம் பழுது என்று எண்ண வேண்டாம். அறை கேட்ட குளிர்ச்சியை அடைந்ததும் கம்ப்ரசரும் வெளி ஃபேனும் சேர்ந்தே ஓய்வெடுக்கும். அணைத்துப் போட்டால் கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் வரை ஆகும். இன்வெர்ட்டர் ஏசியில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும் இயல்பு. எனவே ரிமோட்டில் அறை வெப்பத்தைவிட நன்றாகக் குறைத்து வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, எட்ட நின்று பாருங்கள்.

ஃபேனும் ஓடவில்லை, முனகலும் இல்லை என்றால் வெளிப்பெட்டிக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். எம்சிபி விழுந்திருக்கலாம், ஸ்டெபிலைசர் வெட்டியிருக்கலாம், இணைப்பு தளர்ந்து ஒயர் கருகியிருக்கலாம். மலையிலிருந்து இறங்கி மாடிக்கு மாடி தாவும் குரங்குகள் ஒயரையும் குழாயைச் சுற்றிய ஃபோம் உறையையும் பிய்த்துப் போடுவது எங்கள் ஊர்த் தெருக்களில் வழக்கமான காட்சி.

முனகல் இருந்து ஃபேன் ஓடவில்லை என்றால், எம்சிபியை அணைத்த பிறகு, கை நீட்டினால் எட்டும் இடத்தில் பெட்டி இருந்தால் மட்டும், நீளமான மரக்குச்சியால் இறக்கையை மெல்லத் தள்ளிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் மீது சந்தேகம் வலுக்கும். மேல்மூடி உப்பியிருந்தால் அதுவே சாட்சி. உப்பாவிட்டாலும் மீட்டரில் அளந்தால் தெரியும். எழுதியுள்ள அளவில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அளவுக்கே மாற்ற வேண்டும்.

குச்சிக்கு இறக்கை அசையாமல் கனத்தால் தடை ஏதோ இருக்கிறது. கொடிக்கயிறு, பாலித்தீன், அணில் கூடு, புறாக்கூடு எதுவாகவும் இருக்கலாம். ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் குளிர்காலத்தில் தங்கிவிட்டு வெயிலுக்கு முன்பே ஊர் திரும்பும் வெளிநாட்டு அன்பர்கள் பலர். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளின் வெளிப்பெட்டிகளில் பறவைகள் குடியேறுகின்றன. தடை எதுவும் இல்லாமலும் கனத்தால் பேரிங் இறுகியிருக்கும். கிறீச்சென்ற சத்தம் சில வாரம் முன்பே அதற்கு எச்சரிக்கை தந்திருக்கும்.

ஃபேன் நன்றாகக் கிளம்பிப் பத்து இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறதா? மோட்டாரின் சுருளுக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்துகிறது. சுருளோ பேரிங்கோ சீர்கெட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் கெப்பாசிட்டர் இல்லாத பிஎல்டிசி மோட்டார் இருக்கிறது. சுழலும் புலத்தை மின்னணுப் பலகையே உண்டாக்குகிறது. பல்லியோ எறும்புக் கூட்டமோ பலகைக்குள் புகுந்தால் அதுவே போதும், மோட்டார் நின்றுவிடும். அப்போது உள்பெட்டியில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னும். அதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சுற்றினால் மட்டும் போதாது

ஃபேன் சுற்றியும் குளிர் வரவில்லை என்றால் காற்று வழியைப் பாருங்கள். காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி அடைத்திருந்தால் ஃபேன் இருந்தும் இல்லாததுபோலத்தான். மின்சாரத்தை அணைத்துவிட்டு, தகடு மடியாமல் மெல்லிய நீர்த்தாரையில் கழுவினால் சரியாகும். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து வெளிப்பெட்டியை நான்கு பக்கமும் நெருக்கமான கூண்டுக்குள் அடைப்பவர்கள் உண்டு. வெளியே தள்ளிய சூடான காற்றே திரும்ப உள்ளே இழுக்கப்பட்டால், 40 டிகிரி ஊரில் அந்தப் பெட்டி 50 டிகிரி ஊரில் வாழ்கிறது. அகலக் கண்ணியுள்ள வலை போடுங்கள். பின்னால் ஒரு சாண் இடம், முன்னால் தடையற்ற வெளி, தலைக்கு மேல் நிழல், இவ்வளவு போதும்.

இந்த ஊரில் இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை மலையில் விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். கோடையில் அந்தக் குகையில் இருக்க முடியாமல், அருகே மரநிழலும் தண்ணீரும் இருந்த மாமரக் குகைக்கு இடம் மாறிக்கொள்வார். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இருந்தால் வெப்பத்தோடு போராடும் வேலை பாதியாகும். அது மனிதருக்கும் பொருந்தும், வெளிப்பெட்டிக்கும் பொருந்தும். ரிமோட்டில் நாம் வைக்கும் எண்ணும் அந்தப் பெட்டியின் சுமையைத் தீர்மானிக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு.

எல்லை எங்கே

பார்ப்பது, கேட்பது, அணைப்பது, குப்பையை அகற்றுவது, இவை வீட்டுக்காரர் வேலை. மூடியைத் திறப்பது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் தூக்கி எறியும், உயிருக்கே ஆபத்தாகலாம். இன்வெர்ட்டர் பலகையில் 300 வோல்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் தேங்கியிருக்கும். ஆர்-32 எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. சுவரின் வெளிப்புறம் தொங்கும் பெட்டியை எட்டிப் பார்க்க ஜன்னல் விளிம்பில் ஏறவே கூடாது. மெக்கானிக்கையும் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஏற விடாதீர்கள். ஃபேன் நின்றது தெரிந்ததும் ஏசியை அணைத்துவிட்டு அந்த ஓரிரவை மின்விசிறியோடு கழியுங்கள். கம்ப்ரசருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.

அடுத்த கத்திரிக்கு முன் ஒரு மாலை மாடிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் வெளிப்பெட்டியின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சூடான காற்று சீராக முகத்தில் அடித்தால் உங்கள் ஏசி தன் கடமையைச் செய்கிறது. அடிக்கவில்லை என்றால், கேஸைப் பற்றி யாரும் பேசத் தொடங்கும் முன் ஃபேனைப் பற்றிக் கேளுங்கள்.